கைராசியும் முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கரும்

என்னுடைய பழைய கம்பெனிப் பிள்ளைகள் போன வாரம் எனக்கு ஒரு ஆப் அனுப்பியிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ என்று தட்டினால் போதும், அதற்கு எந்த பிரேக்கர் போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். "மேடம், நீங்க காலம் பூரா உக்காந்து பண்ணின வேலைய இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள பண்ணிடுது" என்று கீழே ஒரு வரி, பக்கத்தில் பல்லைக் காட்டும் மஞ்சள் முகம் வேறு. பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த என் பால்கனியில் காபியோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சிக்கலான கணக்குகளை எல்லாம் அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

காபி முடிகிற நேரத்தில் ஒரு குறை கிடைத்துவிட்டது. காலையில் ஸ்விட்சைப் போடப்போவது யார் என்று அந்த ஆப் கேட்கவே இல்லை.

சிரிக்காதீர்கள். சென்னீர்குப்பத்தில் ஒரு எம்பிராய்டரி பட்டறையில், இந்தக் கேள்வியால் என் மேனேஜரும் நானும் பட்ட பாட்டைச் சொல்கிறேன், பிறகு சிரிக்கலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், எலக்ட்ரிக்கல் டிப்ளமோவோடும் நல்ல திமிரோடும் சேர்ந்தவள் நான். ஆரம்ப வருஷங்கள் வயர் முனையைச் சீவுவதிலும் அதில் லக் என்கிற செம்பு முனையை வைத்து அழுத்துவதிலும் போயின. பெண் பிள்ளை என்று என்னை டெஸ்டிங்கில் விட யோசித்தார்கள். விட்ட பிறகு வெளியே எடுக்க யோசித்தார்கள். கடைசியில் எந்த லோடுக்கு எந்த பிரேக்கர் என்று முடிவு செய்யும் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். சர்வீஸுக்கான செல்போனும் அந்த மேஜையோடு சேர்ந்தே வந்தது. ஓய்வு பெறும்வரை அது என் கைப்பைக்குள் அலறிக்கொண்டே இருந்தது.

எங்கள் மேனேஜர் கோதண்டராமன் சார். குரல் உயர்த்தாத மனிதர். திட்டும்போது இன்னும் மெதுவாகப் பேசுவார், அதனால் திட்டு வாங்குகிறவர் குனிந்து காதைக் கொடுத்து வாங்க வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா நிற்பார். எதையும் தொட மாட்டார், நம்மையும் தொட விட மாட்டார். "கை முந்திடுச்சுன்னா கண்ணு வேலை செய்யாதும்மா" என்பார். நான் ஒரு பிரேக்கரைத் தேர்வு செய்து தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினால், அதைப் படிக்காமல் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது விழலைன்னா எது சாகும்?"

பிரேக்கர் விழுவது என்றால் டிரிப் ஆவது, கரண்டு அளவு மீறியதும் தானாகவே அணைந்துகொள்வது. கேபிளா, மெஷினா, மனுஷனா, எது சாகும் என்று தயங்காமல் சொன்னால்தான் கையெழுத்து. எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியால் எங்கள் பேனல் எதிலும் ஒரு கேபிள்கூடக் கருகியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு ஸ்டிக்கர். எங்கள் பேனல்கள் எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும்: "டிரிப் ஆனால் மீண்டும் போடாதீர்கள். சர்வீஸை அழைக்கவும்." கீழே என் கைப்பைக்குள் இருக்கும் செல்போனின் எண். வாசகம் அவரே எழுதியது. அதில் அவருக்கு ஒரு கவிஞனின் பெருமை இருந்தது.

அந்த எண்ணில்தான் ஒருநாள் சலீம் பாய் கூப்பிட்டார்.

"சாந்திம்மா, உங்க பேனல் ஆள் பாத்து வேலை செய்யுதும்மா."

சலீம் பாய் பூந்தமல்லிக்காரர். அப்பா காலத்தில் கையால் ஜரிகைப் பூ போட்ட குடும்பம். இவர் சென்னீர்குப்பத்தில் ஷெட் எடுத்து, ஜப்பானிலிருந்து வந்த பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அது இருநூறு வோல்ட்டில் ஓடுவது. நம் ஊர் லைனோ நானூற்றுப் பதினைந்து. அதனால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். பேனல் மட்டும் நாங்கள் அதற்கு முன்பே வேறு மெஷின்களுக்காகக் கொடுத்தது. அதில் இருந்த முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கரோடு இந்தப் புது டிரான்ஸ்ஃபார்மரை இணைத்திருந்தார்கள்.

"கோமதி போட்டா விழுது. சூப்பர்வைசர் போட்டா விழுது. நானே பிஸ்மி சொல்லிப் போட்டேன், அப்பவும் விழுந்துச்சு. எங்க ஆபரேட்டர் டில்லிபாபு போட்டா மட்டும் விழாம ஜம்முனு நிக்குது. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா நிக்குதே!"

காரணம் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு குணம் உண்டு. ஸ்விட்சைப் போட்ட கணத்தில், கண் இமைக்கும் நேரத்துக்கு, தன் வழக்கமான கரண்டைப் போல எட்டு மடங்கோ பன்னிரண்டு மடங்கோ வாரி இழுக்கும். இன்ரஷ் என்போம், ஆரம்பப் பாய்ச்சல். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்குக் கதவு திறந்ததும் நடக்கிற தள்ளுமுள்ளு மாதிரி. இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் கௌரவமான மனிதர்கள்தான். இதில் விசேஷம், பாய்ச்சல் தினமும் ஒரே அளவாக இருக்காது. கரண்டின் அலை மேலே போகிறதா கீழே வருகிறதா, எந்தக் கணத்தில் ஸ்விட்ச் ஒட்டியது, நேற்று அணைத்தபோது இரும்புக்குள் எவ்வளவு காந்தம் மிச்சம் நின்றது, இதையெல்லாம் பொறுத்து ஒருநாள் அதிகம், ஒருநாள் ஒன்றுமே இல்லை.

பாயின் பேனலில் இருந்தது சி வகை பிரேக்கர். திடீரென்று ஐந்து மடங்குக்கு மேல் போனாலே அதற்குச் சந்தேகம் வந்துவிடும், பத்து மடங்குக்குள் கட்டாயம் விழுந்துவிடும். அதே முப்பத்திரண்டு ஆம்பியரில் டி வகை என்று உண்டு. பத்து மடங்கு வரை அசையாது. பாயின் டிரான்ஸ்ஃபார்மருடைய வழக்கமான கரண்டு முப்பத்திரண்டுக்கு நன்றாகக் கீழே, அதனால் அதன் பாய்ச்சல் இந்த எல்லையைத் தாண்டாது. தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கேட்டால் முப்பத்திரண்டை எடுத்துவிட்டு அறுபத்துமூன்று போடச் சொல்வார். பிரேக்கர் நிற்கும், கேபிள்தான் ஒருநாள் வெந்து போகும். ஆம்பியரை ஏற்றக் கூடாது, குணத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

எல்லாம் புரிந்தது, ஒன்றைத் தவிர. பாய்ச்சல் யார் கை என்று பார்க்காதே, பிறகு டில்லிபாபு போட்டால் மட்டும் ஏன் தினமும் நிற்கிறது?

நேரில் போனேன். அங்கே ஒரு சம்பிரதாயமே உருவாகியிருந்தது. காலையில் டில்லிபாபு வருவான். ஆவடிக்காரன், ஒல்லியான ஆள், மெஷின் ஆபரேட்டர். பேனல் இருக்கும் சின்ன அறைக்குள் கற்பூரத்தோடு போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள், பாய் உட்பட. கொஞ்ச நேரத்தில் மெஷின் உறுமும். டில்லி வெளியே வருவான். சூப்பர்வைசர் அவனுக்கு முதல் டீயை நீட்டுவார். கோமதி என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வானகரத்தில் குடியிருப்பவள், நல்ல வேலைக்காரி. அவள் தொட்டபோதெல்லாம் விழுந்தது என்பதால், மெஷின் ஓட ஆரம்பிக்கும்வரை அவள் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று ஏற்பாடு. ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் வருவாள்.

"எனக்கென்ன மேடம், நடக்கது உடம்புக்கு நல்லதுல்லா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பிரேக்கரின் குணக்கேட்டுக்கு ஒரு பெண் பின்வாசலால் வர வேண்டுமா என்று எனக்குக் கோபமே வந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை டில்லி என் பின்னாலேயே வந்தான்.

"மேடம், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். பாயாண்ட சொல்லக் கூடாது."

"சொல்லு."

"எனக்கும் விழுது மேடம்."

நான் நின்றுவிட்டேன்.

"விழுந்தா திரும்பப் போடுவேன். நிக்கிற வரிக்கும் போட்டுக்கினே இருப்பேன். ஒருநாள் ரெண்டாவதுலயே நின்னுக்கும். ஒருநாள் கற்பூரம் அணைஞ்சு பூடும், அப்பவும் நிக்காது."

"ஸ்டிக்கர் படிக்கலையா நீ?"

"படிச்சேன் மேடம். அவங்கல்லாம் அத்தப் படிச்சுட்டு, விழுந்ததும் வுட்டுட்டு தள்ளிப் பூடறாங்கோ. அவங்க கை ராசியில்லாத கையாப் பூடுச்சு. நான் கம்முனு திரும்பப் போட்டேன், ராசிக்காரன்னுட்டாங்கோ. நானா கேட்டேன்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைத் திட்டினேன். நிஜமாகவே எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால், திரும்பத் திரும்பப் போடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். பிறகு நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"பொண்டாட்டி அரக்கோணத்துல அவ அம்மா ஊட்ல கீறா மேடம். இந்த மாசக் கடைசியில நாள் சொல்லிக்கீறாங்கோ. லீவு கேட்டா, நீ போனா மெஷின யாரு போடறதுன்றாரு பாய். போன தடவ கொழந்த தங்கல மேடம். அப்ப நான் வேற கம்பெனில ஷிஃப்ட்ல இருந்தேன். அவ ஒண்டியா இருந்தா. இந்த வாட்டி நான் இருக்கணும்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லீவு கிடைக்காது. "எப்டியாச்சும் என் ராசியக் கெடுத்து வுடுங்க மேடம்" என்றான். என் சர்வீஸில் ராசியைக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கெடுக்கச் சொல்லி வந்தவன் இவன் ஒருவன்தான். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கோதண்டராமன் சார் முன்னால் போய் நின்றேன். முப்பத்திரண்டு ஆம்பியர், டி வகை.

"இது விழலைன்னா எது சாகும்?"

தயாராகத்தான் போயிருந்தேன். டி வகைக்குப் பொறுமை அதிகம். அது ஆபத்தும்கூட. கேபிள் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால், கடைக்கோடியில் ஷார்ட் ஆகும்போது பாயும் கரண்டு போதாமல் அது உடனே விழாமல் போகலாம். பாயின் ஷெட்டில் கேபிளின் தடிமனையும் நீளத்தையும் பார்த்து, மீட்டர் வைத்து அளந்தும் வந்திருந்தேன். கேபிள் போய்ச் சேரும் டிரான்ஸ்ஃபார்மர் வாயிலேயே ஷார்ட் ஆனாலும், இருபது மடங்குக்கு மேல் கரண்டு வரும். டி வகை விழுந்தே தீரும். மெல்லச் சூடேறும் ஓவர்லோடைப் பார்த்துக்கொள்வதில் சி, டி இரண்டும் ஒன்றுதான். எதுவும் சாகாது சார் என்றேன்.

பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"அந்தத் தம்பி போட்டா மட்டும் ஏன்மா நிக்குது?"

எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. "தற்செயலா இருக்கும் சார்" என்றேன்.

"தினமுமா?" என்றார், இன்னும் மெதுவாக. பதில் தெரியாத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கும்போது பிரேக்கரை மாற்றினால், நோயை விட்டு மருந்தை மாற்றுகிற மாதிரி என்று ஒரு சொற்பொழிவு. அதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நாலைந்து நாள் அந்தத் தாள் அவர் மேஜையிலேயே கிடந்தது. டில்லி தினமும் போன் செய்து "இன்னா மேடம் ஆச்சு" என்றான். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் நேரில் பார்த்துவிடுவோம் என்று சார் கிளம்பினார்.

பட்டறையே திரண்டுவிட்டது. பாய் ரோஸ் மில்க் வரவழைத்தார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேனலின் முன்னால் வழக்கம்போல் நின்றார். கோமதியையும் வரச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி, சுவரோரமாக நின்றாள்.

"தம்பி, கதவைச் சாத்த வேண்டாம். எல்லாரும் பாக்க நீங்க போடுங்க."

டில்லி என்னைப் பார்த்தான். எனக்கோ மனசுக்குள் ஒரே குஷி. விழுந்துவிடும், எல்லோரும் பார்ப்பார்கள், ராசி தீர்ந்தது. அவன் திருட்டுத்தனமும் வெளியே வராது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பிரேக்கர் விழ வேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.

டில்லி போட்டான். நின்றது.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய்.

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார் சார். நின்றது. சூப்பர்வைசர் கை தட்டினார். இன்னொரு முறை. மறுபடியும் நின்றது, ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல். தினம் தினம் கற்பூரம் அணையும்வரை படுத்திய சனியன், என்ஜினீயர் முன்னால் பள்ளிக்கூடத்து முதல் மாணவன் மாதிரி நடந்துகொண்டது.

"விழ மாட்டேங்குது மேடம்" என்று டில்லி என் காதோரம் அழாத குறையாகச் சொன்னான். ராசிக்கு எங்கள் கம்பெனியே சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டதுபோல் ஆயிற்று. அரக்கோணம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கோதண்டராமன் சார் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நான் பார்த்து அவர் அப்படிச் செய்ததே இல்லை. ஆர்வம் தாங்கவில்லை போலிருக்கிறது. அணைத்தார். ஒரு மூச்சு விட்டார். போட்டார்.

டப்பென்று விழுந்தது.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார், மிகுந்த பரிவோடு. "மனசுல வெச்சுக்காதீங்க சார். சில பேருக்குக் கை அப்படித்தான்."

சாரின் காது சிவந்தது. கை தானாகவே மறுபடி பிரேக்கருக்குப் போனது. சுவரோரத்திலிருந்து கோமதியின் குரல் வந்தது. "சார், திரும்பப் போடக் கூடாதுன்னு எழுதியிருக்குல்லா? சர்வீஸைக் கூப்பிடணுமாம்."

அவருடைய சொந்த வாசகம், சிவப்பு எழுத்தில், அவர் கண்ணுக்கு நேராக. எல்லோரும் அதைப் படித்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். தன் சட்டத்தைத் தானே மீறுகிற மனிதரல்ல அவர். போனை எடுத்து, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார். என் கைப்பை அலறியது. எங்கள் இருவருக்கும் நடுவில் கை எட்டும் தூரம்தான். நான் எடுத்தேன்.

"சர்வீஸா?" என்றார்.

"ஆமா சார், சொல்லுங்க."

"சென்னீர்குப்பத்துல ஒரு பிரேக்கர் விழுந்திருக்கு."

"எங்கயாவது ஷார்ட்டா சார், இல்ல ஆரம்பப் பாய்ச்சலா?"

"பாய்ச்சல்னுதான் தோணுது."

"யார் போட்டாங்க சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

கையெழுத்து அங்கேயே, காரின் பானெட் மேல் வைத்துப் போட்டார். டில்லிக்கு ராசி, தனக்கு ராசியில்லை என்று எழுதி ஒரு என்ஜினீயர் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே தற்செயல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார் மதுரவாயலைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "கதவைச் சாத்திக்கிட்டு அந்தத் தம்பி எத்தனை தடவை போடுவாருன்னு நீங்க விசாரிச்சீங்களாம்மா?"

"விசாரிக்கலை சார்" என்றேன். பொய்யில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"நானும் விசாரிக்கலை" என்றார். கண்ணாடியில் அவர் உதடு லேசாகக் கோணியது தெரிந்தது.

டி வகை பிரேக்கரை மாட்டிய அன்று, முதலில் டில்லிதான் போட வேண்டும் என்றார் பாய். டில்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சு அசல் எங்கள் சார் மாதிரியே நின்றான். "கோமதி போடட்டும்" என்றேன் நான். பாய் கண்ணை மூடிக்கொண்டார். கோமதி போட்டாள். நின்றது. அணைத்துப் போட்டாள், நின்றது. யாரும் சொல்லாமலேயே மறுபடி மறுபடி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், போதும் என்று நான் கையைப் பிடிக்கும்வரை. மறுநாளிலிருந்து முன்கதவால் வந்தாள்.

டில்லி அன்று சாயங்காலமே அரக்கோணம் ரயில் ஏறிவிட்டான். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். சொல்லும்போதே அழுதான், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிரேக்கர் நிக்குதா மேடம்?" என்றான்.

"நிக்குது. யார் போட்டாலும் நிக்குது."

"சந்தோஷம்தான் மேடம். ஆனா ஒரு மாதிரியா கீது. இன்னா இருந்தாலும் ராசிக்காரன்னு ஒரு பேரு இருந்துச்சில்ல."

அதற்கும் வழி பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயசு ஆவதற்குள் பாய் இரண்டாவது மெஷின் வாங்கினார். முதலிலேயே எங்களைக் கேட்டு, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏற்ற டி வகை பிரேக்கரோடு புதுப் பேனல். துவக்க நாளுக்கு என்னையும் சாரையும் அழைத்திருந்தார். சாருக்கு மெத்தை வைத்த நாற்காலி, பெரிய டம்ளரில் ரோஸ் மில்க், எல்லா மரியாதையும் பேனலிலிருந்து நல்ல தூரத்தில். டில்லி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாய் சொன்னபடி, அதன் பிஞ்சு விரலைத் தன் விரலுக்குள் வைத்து ஸ்விட்சைத் தள்ளினான். மெஷின் உறுமியது.

"பாத்தீங்களா சாந்திம்மா" என்றார் பாய், கண் பளபளக்க. "அப்பன் கை அப்படியே வந்திருக்கு!"

பத்து மடங்கு, டி வகை, கேபிளின் நீளம் என்று எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டில்லி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் பெருமை. திரும்பி நாற்காலிப் பக்கம் பார்த்தேன். கோதண்டராமன் சார் ரோஸ் மில்க்கை உறிஞ்சியபடி, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஆமா பாய், அதே கைதான்" என்றேன்.